கட்சி இல்லை, சின்னம் இல்லை: ஃப்ரீமாண்ட்டில் ஒரு வாரியத் தேர்தல்

கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வீடு வைத்திருப்பவர்களுக்கு அக்டோபரில் சொத்து வரி பில் வந்துவிடும். இரட்டைப்படை வருடம் என்றால் அதே அக்டோபரில் வாக்குச்சீட்டும் தபாலில் வரும். பில்லைக் கடைசி சென்ட் வரை படிக்கிறோம். வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர் என்று மேலே இருப்பதைக் குறித்துவிட்டு, பின்பக்கம் திருப்பும்போது கை ஓய்ந்துவிடுகிறது. ஆனால் பில்லின் கீழ்வரிகளில் நம்மிடம் பணம் வாங்குகிற பெயர்கள்தான் அந்தப் பின்பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. பார்ட் ரயில், ஈஸ்ட் பே பூங்கா டிஸ்ட்ரிக்ட், வாஷிங்டன் டவுன்ஷிப் மருத்துவ டிஸ்ட்ரிக்ட், யூனியன் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட். இது எனக்கு உறைத்ததே ஒரு வேட்பாளருக்குக் கணக்கு எழுதப் போன பிறகுதான்.

இந்தக் கவுண்டியில் இருக்கும் எங்கள் ஊர் ஃப்ரீமாண்ட்டில் சுமார் 2.3 லட்சம் பேர் இருக்கிறோம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சிட்டி ஹாலுக்குப் போன் போடுகிற ஆட்கள் இன்றும் உண்டு. தண்ணீர் தருவது சிட்டி ஹால் அல்ல. 1914-ல் தொடங்கிய அலமீடா கவுண்டி வாட்டர் டிஸ்ட்ரிக்ட். (பெயரில் முழுக் கவுண்டியும் இருக்கிறது; தண்ணீர் போவது ஃப்ரீமாண்ட், நெவார்க், யூனியன் சிட்டி ஆகிய மூன்று ஊர்களுக்குத்தான்.) அதே மூன்று ஊர்களின் கழிவுநீரை எடுத்துச் சுத்தம் செய்வது யூனியன் சானிட்டரி. ஊர் மருத்துவமனைக்கு 1948-ல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு டிஸ்ட்ரிக்ட் அமைத்தார்கள், 1958-ல் மருத்துவமனை திறந்தது. கொசு மருந்து அடிக்கக்கூடத் தனி டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது, அதன் உறுப்பினர்களை மட்டும் ஊர் ஊராக நகர மன்றங்கள் நியமிக்கின்றன. முன்னால் சொன்னவற்றுக்கெல்லாம் நாம்தான் ஓட்டுப் போட வேண்டும். ஒரே ஒரு வேலைக்காக, தனி எல்லையும் தனி வரவுசெலவும் தனி வாரியமும் கொண்ட இந்த அமைப்புகளுக்கு ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். கலிபோர்னியாவில் இப்படிச் சுமார் 2,000 இருக்கின்றன.

சென்னையில் குடிநீர் வாரியத்தை அரசுதான் அமைக்கிறது. அதிகாரிகளைத் திட்டலாம், கவுன்சிலர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு நிற்கலாம், அவ்வளவுதான். இங்கே தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றுகிற ஐந்து பேரையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஐந்து பேரில் ஒருவர் பெயராவது சொல்லச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான்.

எங்கள் தெருவில் ஒரு தமிழர், ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. ஒரு வாரியத்தின் கூட்டங்களுக்கு வருடக்கணக்காகப் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர். எந்த வாரியம் என்பதைச் சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. ஒருநாள், “நிக்கலாம்னு பாக்கறேன். நீ கணக்கு பாத்துக்கறியாம்மா?” என்றார். பிரச்சாரப் பொருளாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தேதி. நவம்பர் தேர்தலுக்கு 113 நாள் முன்னால் வேட்புமனு வாங்கலாம், 88 நாள் முன்னால் கொடுத்துவிட வேண்டும். அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை. நம்மவர்கள் பாதிப் பேர் அந்தச் சமயத்தில் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருப்பார்கள். பதவியில் இருப்பவர் மனு போடவில்லை என்றால் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். நகர மன்றத்துக்கு அந்த எல்லைக்குள் இருக்கும் வாக்காளர்கள் குறைந்தது 20 பேரின் கையெழுத்து வேண்டும். அதிகபட்சம் 30. இருபத்தொன்றோடு நிறுத்தாமல் முப்பதையும் வாங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் வீடு மாறியும் பதிவை மாற்றாத ஆட்கள் நிறைய. ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கையெழுத்தும் தேவையில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. காலியிடம் எத்தனையோ அத்தனை பேர்தான் மனு போட்டிருக்கிறார்கள் என்றால், டிஸ்ட்ரிக்ட் பதவிக்குத் தேர்தலே நடக்காது. வாக்குச்சீட்டில் அந்தப் பதவியே அச்சாகாது. மனு போட்டவர் நியமனமாகி நான்கு வருடம் உட்கார்ந்துவிடுவார். நம் ஊர்ப் பக்கம் ‘அன்னபோஸ்ட்’ என்பார்களே, அதேதான். ஊராட்சியில் அன்னபோஸ்ட் ஆனால் ஊருக்கே தெரியும், டீக்கடையில் நாலு நாள் அதுதான் பேச்சு. இங்கே யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகளில் இது சர்வ சாதாரணம். உங்கள் ஓட்டைப் பறித்துக்கொண்டது யாருமில்லை, ஆகஸ்ட்டில் வேறு யாரும் மனு போடவில்லை, அவ்வளவுதான்.

யாரும் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்ற சின்ன ஊர் போதும். 2005-ல் அங்கே ஒரு தனித் தேர்தல் நடத்தி, நகர மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பிலிருந்து நழுவிக்கொண்டார்கள். ஓட்டுப் போட்டது 400 பேருக்கும் குறைவு. 2010-ல் பத்திரிகை தோண்டியபோது நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ வருடத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குவது தெரிந்தது. பகுதிநேர மன்ற உறுப்பினர்களில் பலர் லட்சம் டாலர் அளவில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸோ சிறைக்குப் போனார். வசதியான ஊர் கூட இல்லை அது, கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களின் ஊர்.

சரி, சார் விஷயத்துக்கு வருகிறேன். வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழிலைச் சொல்ல அதிகபட்சம் மூன்று சொல். இதற்கு ஒரு தனிப் படிவமே இருக்கிறது, சொன்ன தொழிலுக்கு ஆதாரம் கேட்பார்கள். ‘சமூகத் தன்னார்வலர்’ என்று போட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. வேறு தொழில் இருந்தால் அப்படிப் போட முடியாது. சாருக்குக் கவலையில்லை. ரிடையர்டு சிவில் இன்ஜினியர். சரியாக மூன்று.

வாக்காளர் கையேட்டில் வரும் வேட்பாளர் அறிக்கை 200 சொல். அதில் தன் படிப்பு, அனுபவம், தகுதி இவற்றைச் சொல்லலாம், எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, கட்சிப் பெயரும் கூடாது. இந்த அறிக்கையை அச்சடிக்கும் செலவு பெரும்பாலும் வேட்பாளர் தலையில்தான் விழும். டிஸ்ட்ரிக்ட் பெரிதாக இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். எங்கள் மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான், கொடுத்த காசுக்கு உருப்படியாகப் பயன்பட்டதும் இதுதான். பின்பக்கம் வரை வருகிற வாக்காளர் கையேட்டைத்தான் பார்க்கிறார். சார் முதலில் எழுதியதில் பாதி அவர் வாங்கிய பட்டங்கள். அவர் மனைவி படித்துவிட்டு, “இது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஜாதகம் மாதிரி இருக்கு” என்றார். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, குழாய்கள் எத்தனை வருடம் பழையவை, எப்போது மாற்ற வேண்டும், காசு எங்கிருந்து வரும் என்று எழுதினார்.

பணம். இங்கேதான் நம்மவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2,000 டாலருக்குக் கீழேயே வரவும் செலவும் முடிந்துவிடும் என்றால் 470 என்ற ஒரு தாள் போதும். தாண்டினால் 410 படிவம் கொடுத்துப் பிரச்சாரக் குழு பதிந்து, தனி வங்கிக் கணக்கு தொடங்கி, குறித்த தேதிகளில் 460 என்ற வரவுசெலவு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாம் அதில் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தலுக்கு முந்திய 90 நாளில் ஒரே ஆளிடமிருந்து 1,000 டாலர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சார் வீட்டில் காபிக் கூட்டம். கோயிலில் பழக்கமான ஒரு மாமா சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய கவரை எடுத்து, “ஆரம்பமே நல்லா இருக்கட்டும்” என்று சாரின் கையில் கொடுத்தார். பிரித்தால் நோட்டாக 101 டாலர். மொய்க் கணக்கு. 100 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். கவரைத் திருப்பிக் கொடுத்தால் அபசகுனம், வாங்கினால் விதிமீறல். மாமாவைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், “மாமா, இதையே செக்கா எழுதிக் குடுங்களேன், உங்க பேரும் கணக்குல வரும்” என்றேன். பெயர் கணக்கில் வரும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கவரில் மஞ்சளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதே கூட்டத்தில் ஒரு பையன், வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், போனிலேயே 50 டாலர் அனுப்பத் தயாராக இருந்தான். எச்-1பி விசா. வாங்கவில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி, எல்-1, மாணவர் விசா ஆட்கள் அதிபர் தேர்தலுக்கும் கொடுக்கக் கூடாது, கழிவுநீர் வாரியத் தேர்தலுக்கும் கொடுக்கக் கூடாது, ஒரு டாலர்கூட. சம்பளம் வாங்காமல் கதவு தட்ட வரலாம், ஆனால் பிரச்சாரத்தில் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. இதை வேட்பாளர்களே பல சமயம் சொல்வதில்லை. நாமே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் குடியேற்ற விண்ணப்பத்தில் வந்து நிற்கப் போவது நம் பெயர்தான். ஓட்டு விஷயம் அதைவிடப் பெரிது. குடியுரிமை இல்லாமல் வாக்காளராகப் பதிந்தாலே நாடு கடத்தல் வரை போகும். டிஎம்வியில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வரும் குடியுரிமைக் கேள்வியை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள்.

கதவு தட்டுவதற்குக் கவுண்டியின் தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கலாம். யார் எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பது அதில் இருக்கும், யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. ஒவ்வொரு முறையும் தவறாமல் போடுகிற வீடுகளை மட்டும் பிரித்தெடுத்து நடந்தோம். மாலை ஐந்துக்கு மேல், இருட்டுவதற்கு முன். ஆளில்லை என்றால் துண்டறிக்கையைக் கதவுப் பிடியில் மாட்டலாம், தபால் பெட்டிக்குள் போடக் கூடாது. அது தபால்தலை ஒட்டிய கடிதத்துக்கு மட்டுமே உரியது, மத்திய அரசு விதி. இப்போதெல்லாம் பாதி வீடுகளில் மனிதர் பேசுவதில்லை, மணியில் இருக்கிற கேமரா பேசுகிறது. அதற்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வர வேண்டும், பிறகு வீட்டுக்காரர் பார்ப்பார்.

ஒரு வீட்டில் பாட்டி கதவைத் திறந்தார். கையில் கீரை ஆய்ந்த ஈரம். “நாங்க விசிட்டர்ம்மா, ஓட்டெல்லாம் கிடையாது. பையன் ஆபீஸ் போயிருக்கான். வெயில்ல வந்திருக்கே, மோர் குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்தேன். அடுத்த தெருவில் ஒரு பெரியவர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆனவர். துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தக் கட்சிம்மா? சின்னம் என்ன?” என்று கேட்டார். கட்சி இல்லை, சின்னமும் இல்லை, கலிபோர்னியாவில் உள்ளாட்சிப் பதவி எதற்கும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் போட மாட்டார்கள் என்றேன். “அப்ப எப்படித்தான் அடையாளம் வச்சுக்கறது?” என்றார். நியாயமான கேள்வி. பெயர் வரிசைகூட அகரவரிசையில் வராது. ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் புது வரிசை ஒன்றை மாநில அரசு அறிவிக்கிறது. அடையாளம் என்று மிஞ்சுவது அந்த மூன்று சொல் தொழிலும், வாசலுக்கு வந்து பேசிய ஆளின் முகமும்தான். பெரியவருக்கு சாரை நேரில் கூட்டிப்போய்க் காட்டினேன். இருவரும் தாமிரபரணியைப் பற்றிப் பேச ஆரம்பித்து எனக்கு அன்றைய நடையே கெட்டது.

அந்தப் பெரியவர் கேட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன முறை அவர் வாக்கு எண்ணப்படவில்லை என்று கடிதம் வந்ததாம். வாக்குச்சீட்டை வைத்து அனுப்பும் உறையில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், லைசென்ஸ் எடுத்தபோது ஆங்கிலத்தில். உறைக் கையெழுத்தைப் பதிவில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கடிதம் அனுப்புவார்கள், குறித்த தேதிக்குள் பதில் கொடுத்தால் வாக்கு சேரும். அவர் அதை விளம்பரத் தாள் என்று நினைத்து மூலையில் போட்டுவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். உறை எங்கே இருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும்படி மாநிலத் தேர்தல் தளத்தில் பதிந்துகொள்ளலாம்.

நகர மன்றத் தேர்தலில் இவ்வளவு நடை வேண்டியதில்லை. ஃப்ரீமாண்ட்டில் 2018-லிருந்து ஊரை ஆறு தொகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு உறுப்பினர், மேயருக்கு மட்டும் ஊர் முழுக்க ஓட்டு. அதற்கு முன்னால் எல்லோருமே ஊர் முழுக்க நிற்க வேண்டும். சிறுபான்மைச் சமூகங்களின் ஓட்டு கரைந்துபோகிறது என்று கலிபோர்னிய வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்கு மிரட்டல் வர, பல ஊர்கள் இப்படி மாறின. சில வாரியங்கள் இன்னும் பழைய முறையில்தான் இருக்கின்றன: காலியிடம் மூன்று என்றால் அதிக ஓட்டு வாங்கும் மூன்று பேர் ஜெயிப்பார்கள். அங்கே மூன்றையும் குறித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை மட்டும் குறித்தால் அவருக்கு அது இன்னும் பலம்.

ஓட்டில்லாதவர்களுக்கு என்ன வழி என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கணக்கில் வழி நிறையவே இருக்கிறது, ஓட்டைவிட அதிகமாகக்கூட. வாரியமோ நகர மன்றமோ நடத்தும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், யார் வந்தாலும் பேச விட வேண்டும். 1953-ல் வந்த பிரவுன் சட்டம் இது. குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். நிரலில் இல்லாததைப் பேசினால் சுருக்கமாக ஏதாவது சொல்வார்களே தவிர அதை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ அவர்களால் முடியாது, ஆகவே நிரலில் உள்ள எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ‘கன்சென்ட் காலண்டர்’ என்று தொடக்கத்தில் ஒரு கொத்து இருக்கும். பேச்சே இல்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் தாண்டிவிடுவார்கள். பெரிய ஒப்பந்தங்கள் பல அதற்குள்தான் படுத்திருக்கும். சார் முதலில் படிப்பது அதைத்தான்.

கட்டண உயர்வு என்றால் இன்னொரு ஆயுதம் இருக்கிறது. 1996-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ரபோசிஷன் 218-இன்படி, தண்ணீர், கழிவுநீர், குப்பைக் கட்டணத்தை ஏற்றுவதற்கு 45 நாள் முன்னால் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வருகிற தாள் விளம்பரம் போலவே இருக்கும், நேராகக் குப்பைக்குப் போய்விடும். அதில் சொன்னபடி முகவரியோடு கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் கொடுக்கலாம். வீட்டுக்கு ஒரு கடிதம்தான் கணக்கு, குடியுரிமைக் கேள்வி இங்கும் இல்லை. பாதிக்கு மேல் எதிர்ப்பு வந்தால் ஏற்ற முடியாது. பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் பாதி என்பது நடக்கிற காரியம் அல்ல. ஆனாலும் கடிதங்களை எண்ணி, எண்ணிக்கையைக் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும், அது பதிவில் நிற்கும்.

எல்லா உயர்வையும் எதிர்க்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 கோடையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பாசி பொங்கி மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சுத்திகரித்த கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜன் அந்தப் பாசிக்குத் தீனி. 2024 ஜூலையில் வட்டார நீர்த்தர வாரியம், விரிகுடாவில் விழும் கழிவுநீரில் அதை பத்து வருடத்துக்குள் 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. விரிகுடாவைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கெல்லாம் சேர்த்து ஆகும் செலவை பில்லியன் டாலர்களில் பேசுகிறார்கள். எந்தத் தொழில்நுட்பம், கடன் எவ்வளவு, எந்த வருடம் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்யப் போவது அந்தந்த வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். குழாய் தெரிந்த ஒருவராவது அங்கே இருந்தால் பரவாயில்லை என்றுதான் சார் நின்றார்.

தேர்தல் இரவு எட்டு மணிக்கு மேல் முதல் எண்ணிக்கை வந்தது. சார் பின்தங்கியிருந்தார். அது முன்கூட்டியே வந்த தபால் வாக்குகள். கடைசி நாளில் போட்டவை, அன்று தபால் முத்திரை பெற்று ஏழு நாளுக்குள் வந்து சேருபவை எல்லாம் பிறகுதான் எண்ணப்படும், கவுண்டி இறுதி முடிவு சொல்ல 30 நாள் வரை ஆகும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, ஆனால் போதவில்லை. 2024 மார்ச்சில் சிலிகான் பள்ளத்தாக்கின் நாடாளுமன்றத் தொகுதி முதல்கட்டத் தேர்தலில் இரண்டாம் இடத்துக்கு இருவர் ஆளுக்கு 30,249 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள், மறு எண்ணிக்கையில் ஐந்து ஓட்டில் ஒருவர் வெளியேறினார். எங்களுடையது அப்படி உயிரை எடுக்கிற கதை அல்ல. எங்களுக்கு வலித்தது வேறு: அதிபர் ஓட்டுப் போட்டவர்களில் ஏகப்பட்ட பேர் எங்கள் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

தோற்ற பிறகும் பொருளாளர் வேலை தீராது. பதாகைகளை எடுக்க வேண்டும். சாலையோரப் பொது இடத்தில் யாராவது நட்டிருந்தால் அதையும் நாம்தான் தேடிப் பிடுங்க வேண்டும். (கம்பிச் சட்டங்கள் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க அருமையாக இருக்கின்றன.) பாக்கி பில் கட்டி, வங்கிக் கணக்கைக் காலி செய்து, கடைசி 460-ஐயும் குழுவைக் கலைக்கும் 410-ஐயும் அனுப்பினால்தான் விடுதலை. அனுப்பாமல் விட்டால் வருடாவருடம் கட்டணமும் அபராதமும் துரத்தும்.

சார் இப்போது நகரத்தின் ஆணையம் ஒன்றில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். நியமனப் பதவிகளுக்குக் குடியுரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2019-லேயே கலிபோர்னியாவில் சட்டம் வந்துவிட்டது, ஆகவே கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர்களும் தங்கள் ஊரில் என்ன காலியாக இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நிற்கிற எண்ணம் இருப்பவர்களுக்கு: 2026 நவம்பர் 3 தேர்தலுக்கான மனுக் காலம் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. பதவியில் இருப்பவர் போடாத இடத்துக்கு ஆகஸ்ட் 12. மனு வாங்குவதற்கு முன் அந்த வாரியத்தின் கூட்டங்களுக்கு இரண்டு மூன்று முறையாவது போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், காபி அங்கேயே கிடைக்கும்.